ஒன்றிய அரசா, மாநில அரசா? யார் கையில் எவ்வளவு அதிகாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீட், ஜிஎஸ்டி, ஆளுநர், கல்வி நிதி என்று எந்தச் செய்தியை எடுத்தாலும் அடியில் ஓடுவது ஒரே வழக்குதான்: இதில் முடிவெடுக்கும் உரிமை டெல்லிக்கா, மாநிலத்துக்கா? அடிக்கடி வருகிற கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறேன். என் கருத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசியலமைப்புச் சட்டத்தின் பட்டியல்களை மட்டும் படித்தால் மாநிலங்களுக்கு அதிகாரம் தாராளமாக இருப்பதுபோலத்தான் தெரியும். பணம் யார் கையில் இருக்கிறது, கோப்பை யார் கிடப்பில் போடலாம் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு மாறிவிடும்.

அதிகாரம் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது?

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உண்டு. ராணுவம், வெளியுறவு, ரயில்வே, வங்கி, வருமான வரி போன்றவை ஒன்றியப் பட்டியலில் உள்ளன. காவல்துறை, பொது சுகாதாரம், விவசாயம், நிலம், உள்ளாட்சி, மது ஆகியவை மாநிலப் பட்டியலில். கல்வி, காடு, மின்சாரம், தொழிலாளர் நலன், குற்றவியல் சட்டம் போன்றவை பொதுப்பட்டியலில். இவற்றில் இரு தரப்பும் சட்டம் போடலாம். 1950-ல் இந்தப் பட்டியல்களில் முறையே 97, 66, 47 இனங்கள் இருந்தன.

இந்த மூன்றிலும் இல்லாத விஷயம் வந்தால்? 248-வது பிரிவின்படி அது நாடாளுமன்றத்துக்குப் போகும். அமெரிக்காவில் இது தலைகீழ். அங்கே மத்திய அரசிடம் ஒப்படைக்காத அதிகாரமெல்லாம் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியது. இங்கே, அரசியலமைப்பை எழுதியவர்கள் நினைத்தே பார்த்திராத ஒரு புதுத் துறை முளைத்தால் அது நேராக டெல்லியின் கணக்கில் சேர்ந்துவிடும்.

பொதுப்பட்டியலில் இருவரும் சட்டம் போட்டு, இரண்டும் முட்டிக்கொண்டால் எது செல்லும்?

ஒன்றியச் சட்டம்தான் செல்லும். ஆனால் 254-வது பிரிவில் ஒரு சந்து இருக்கிறது. மாநிலம் தன் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலை வாங்கிவிட்டால், அந்த மாநிலத்துக்குள் மாநிலச் சட்டமே செல்லும்.

ஜல்லிக்கட்டு அந்தச் சந்தில்தான் தப்பித்தது. 2014-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2017 ஜனவரியில் மெரினா நிரம்பியது. விலங்கு வதைத் தடுப்பு பொதுப்பட்டியலில் இருப்பதால், ஒன்றியச் சட்டத்துக்குத் தமிழ்நாடு ஒரு திருத்தம் கொண்டுவந்து, அந்த மாதம் முடிவதற்குள் குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் வாங்கிவிட்டது. 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது.

அதே ஆண்டு, அதே சட்டமன்றம் நீட்டிலிருந்து விலக்குக் கேட்டும் மசோதா நிறைவேற்றியது. அதற்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. 2021-ல் அடுத்த அரசு மறுபடி ஒரு மசோதா நிறைவேற்றியது. ஆளுநர் அதைத் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரியில் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றி டெல்லிக்கு அனுப்பியது. அது நிராகரிக்கப்பட்டதை 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இரண்டும் பொதுப்பட்டியல் விஷயங்கள், இரண்டும் போனது ஒரே வழியில். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் என்றால் ஒன்றிய அமைச்சரவையின் ஒப்புதல் என்றுதான் பொருள். டெல்லிக்கு எது அரசியல் ரீதியாகச் சுமை, எது சுமை இல்லை என்பதுதான் அங்கே தீர்மானிக்கிறது.

கல்வி முன்பு மாநிலப் பட்டியலில் இருந்ததாமே?

ஆமாம். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல் வந்த 42-வது திருத்தம் கல்வி, காடு, வனவிலங்குப் பாதுகாப்பு, எடை அளவுகள், நீதி நிர்வாகம் ஆகியவற்றைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. ஏழாவது அட்டவணையில் கைவைக்க வேண்டுமென்றால் குறைந்தது பாதி மாநிலச் சட்டமன்றங்கள் சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதம் கிடைத்தது. தமிழ்நாட்டின் கருத்து என்னவென்று கேட்க வழியே இல்லை. 1976 ஜனவரி 31 அன்று திமுக ஆட்சி கலைக்கப்பட்டு, இங்கே அப்போது சட்டமன்றமே இல்லை.

மாநிலப் பட்டியலில் இருக்கும் விஷயத்தை டெல்லி தொடவே முடியாதா?

தொடலாம், சுற்றுவழியாக. 2020-ன் மூன்று வேளாண் சட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். விவசாயமும் சந்தையும் மாநிலப் பட்டியலில்தான் இருக்கின்றன. ஆனால் உணவுப் பொருள் வணிகம் 1954-ல் வந்த மூன்றாவது திருத்தத்தின் மூலம் பொதுப்பட்டியலில் ஏறியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 2021-ல் அவை திரும்பப் பெறப்பட்டது விவசாயிகளின் போராட்டத்தால், பட்டியலால் அல்ல.

ஆளுநரால் ஒரு மசோதாவை எத்தனை நாள் வைத்திருக்க முடியும்?

இதற்கு நேரடியான பதில் அரசியலமைப்பில் இல்லை. தகராறே அதனால்தான். 200-வது பிரிவின்படி, சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு ஆளுநர் ஒப்புதல் தரலாம், தராமல் நிறுத்திவைக்கலாம், அல்லது குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம். பண மசோதா தவிர மற்றதை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம். சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றினால் ஒப்புதலை மறுக்க முடியாது. எத்தனை நாளுக்குள் என்ற கெடு மட்டும் எங்கும் எழுதப்படவில்லை. "கூடிய விரைவில்" என்பதோடு விட்டுவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் நடந்ததைப் பாருங்கள். 2020 ஜனவரிக்கும் 2023 ஏப்ரலுக்கும் இடையே 12 மசோதாக்கள் ஆளுநர் மாளிகைக்குப் போயின. பெரும்பாலும் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனம் பற்றியவை. மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போன பிறகு, 2023 நவம்பர் 13 அன்று பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் இல்லை என்று பதில் வந்தது. ஐந்தே நாளில், நவம்பர் 18 அன்று, சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் கூட்டிப் பத்தையும் மறுபடி நிறைவேற்றியது. நவம்பர் 28 அன்று பத்தும் குடியரசுத் தலைவருக்கு அனுப்பப்பட்டன. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவில்லை என்பார்களே, அந்தக் கதைதான்.

2025 ஏப்ரல் 8 அன்று இரண்டு நீதிபதிகள் அமர்வு இதைச் சட்டவிரோதம் என்றது. பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படும் என்று அறிவித்தது. ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் காலக்கெடுவும் வைத்தது. அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அடுத்த மாதமே குடியரசுத் தலைவர் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார். நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு பதில் சொன்னது: நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்துவிட்டதாக நீதிமன்றமே கருதிக்கொள்ளவும் முடியாது. மறுபக்கம், ஆளுநர் ஒப்புதலை மறுத்தால் சும்மா வைத்துக்கொள்ளக் கூடாது, மசோதாவை அவைக்குத் திருப்பியே ஆக வேண்டும். காரணமில்லாமல் காலவரையின்றி இழுத்தடித்தால், முடிவெடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம்.

எத்தனை மாதம் தாண்டினால் அது "காலவரையின்றி" ஆகும்? அதை ஒவ்வொரு தடவையும் வழக்குப் போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்தாண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்கு இரண்டு ஆண்டுத் தாமதம் என்பது பாதித் தோல்வி. வேண்டாம் என்று சொல்லத் தேவையே இல்லை, பேசாமல் இருந்தாலே போதும்.

மாநில ஆட்சியைக் கலைப்பது இப்போதும் நடக்கிறதா?

அபூர்வம். முன்பு அப்படி இல்லை. 356-வது பிரிவு இதுவரை நூறு தடவைக்கு மேல் பயன்பட்டிருக்கிறது. 1959-ல் கேரளாவின் இ.எம்.எஸ். அரசு, தமிழ்நாட்டில் 1976, 1980, 1988, 1991 என்று நான்கு முறை. 1977-ல் ஜனதா அரசு ஒன்பது காங்கிரஸ் மாநிலங்களைக் கலைத்தது. 1980-ல் இந்திரா காந்தி திரும்பி வந்து ஒன்பது மாநிலங்களைக் கலைத்துக் கணக்கை நேர் செய்தார். 1991-ல் ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தும் கருணாநிதி ஆட்சி கலைக்கப்பட்டது. ஆளுநரின் அறிக்கை இல்லாமல் வேறு தகவலை வைத்தும் கலைக்கலாம் என்று அந்தப் பிரிவிலேயே இடமிருக்கிறது.

1994-ன் எஸ்.ஆர். பொம்மை தீர்ப்பு இதற்குக் கடிவாளம் போட்டது. பெரும்பான்மையைச் சோதிக்க வேண்டிய இடம் சட்டமன்றம்தான். கலைப்பு உத்தரவை நீதிமன்றம் ஆராயலாம். கூட்டாட்சி அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பில் ஒன்று. 2016-ல் அருணாசலப் பிரதேசத்தில் கவிழ்க்கப்பட்ட அரசை உச்ச நீதிமன்றம் மறுபடி நாற்காலியில் உட்கார வைத்தது. ஆட்சியைக் கலைப்பது கடினமான பிறகுதான் மசோதாவைக் கிடப்பில் போடுவது வசதியான ஆயுதமானது என்று நினைக்கிறேன்.

தமிழ்நாடு கட்டும் வரியில் ஏன் குறைவாகத் திரும்பி வருகிறது?

இதில் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறோம். முதலாவது, மாநிலங்களுக்கு இடையே உள்ள பகிர்வு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமைக்கப்படும் நிதிக்குழு இதை முடிவு செய்கிறது. 15-வது நிதிக்குழு, பகிரத்தக்க வரி வருவாயில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்கு ஒதுக்கியது. அதற்கு முந்தைய குழு 42 சதவீதம் தந்திருந்தது; ஜம்மு காஷ்மீர் மாநில அந்தஸ்தை இழந்ததால் ஒரு சதவீதம் குறைந்தது. அந்த 41 சதவீதத்தை 28 மாநிலங்களும் பங்கு போடும்போது தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதமும் உத்தரப் பிரதேசத்துக்கு 17.939 சதவீதமும் வந்தன. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகைப் பங்கு ஏறக்குறைய 6 சதவீதம். குழு போட்ட கணக்கில் 45 சதவீத எடை, தனிநபர் வருமானத்தில் ஒரு மாநிலம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதற்குப் போனது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்கு 12.5 சதவீத எடைதான்.

ஏழை மாநிலத்துக்குக் கூடுதலாகப் போவதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. எந்தக் கூட்டாட்சியிலும் அது நடக்கும். ஒரு மாநிலத்துக்குள்ளும் சென்னையின் வரி மற்ற மாவட்டங்களுக்குப் போகத்தானே செய்கிறது. அளவைப் பற்றித்தான் வாதாட வேண்டும்.

உண்மையில் கோபப்பட வேண்டியது இரண்டாவது விஷயத்துக்கு: செஸ் (குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்கென்று போடும் வரி), கூடுதல் வரி. ஒன்றிய அரசு இவற்றை மாநிலங்களோடு பகிரத் தேவையில்லை. 2021 பிப்ரவரி நிலவரத்தைப் பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஒன்றிய அரசின் கலால் வரி 32 ரூபாய் 90 காசு. அதில் அடிப்படைக் கலால் வரி 1 ரூபாய் 40 காசு மட்டும். சிறப்புக் கூடுதல் வரி 11 ரூபாய், சாலை மற்றும் உள்கட்டமைப்பு செஸ் 18 ரூபாய், வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 2 ரூபாய் 50 காசு. பகிர்வுக்கு வருவது அந்த 1 ரூபாய் 40 காசுதான். அதில் 41 சதவீதம் என்றால் அத்தனை மாநிலங்களுக்கும் சேர்த்து 57 காசு. நிதிக்குழு சொன்ன 41 என்ற எண்ணை யாரும் மீறவில்லை. வரியின் பெயரை மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஜிஎஸ்டி கவுன்சிலில் மாநிலங்களுக்குத்தானே அதிக ஓட்டு?

ஜிஎஸ்டி விகிதங்களைப் பரிந்துரைக்கும் இந்தக் கவுன்சிலில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு மாநிலங்களுக்கு, ஒரு பங்கு ஒன்றிய அரசுக்கு. முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். மூன்றில் ஒரு பங்கை ஒருவரே வைத்திருக்கும்போது அவர் இல்லாமல் 75 சதவீதம் வராது. ஆக, எல்லா மாநிலங்களும் கைகோத்தாலும் டெல்லி சம்மதிக்காமல் எதுவும் நகராது. டெல்லி கொண்டுவருவதைத் தடுக்க வேண்டுமானால்? சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசங்களையும் சேர்த்து 31 உறுப்பினர்கள் என்றால், அவர்களில் 12 பேர் ஒன்றாக எதிர்த்து ஓட்டுப் போட வேண்டும். உத்தரப் பிரதேசத்துக்கும் சிக்கிமுக்கும் ஒரே எடை என்பது இன்னொரு கதை.

நடைமுறையில் ஓட்டெடுப்பே அபூர்வம். முதல் ஓட்டெடுப்பு நடந்தது 2019 டிசம்பரில், லாட்டரி வரிக்காக. ஜிஎஸ்டி வந்தபோது மாநிலங்களுக்கு ஆண்டுக்கு 14 சதவீத வருவாய் வளர்ச்சிக்கு ஐந்தாண்டு உத்தரவாதம் தரப்பட்டது. அது 2022 ஜூனோடு முடிந்தது. அதற்கு முந்தைய மாதம், கவுன்சிலின் பரிந்துரைகள் சட்டமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்று மோஹித் மினரல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சொன்னது சரி, ஆனால் எந்த மாநிலம் தனியாக ஒரு வரி விகிதத்தைப் போட்டுப் பார்க்கும்? ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கும் பெட்ரோல், டீசல், மது இவற்றின் மீதான வரியை மாநிலங்கள் ஏன் இறுகப் பிடித்திருக்கின்றன என்பதற்குக் காரணம் இதுதான். சொந்தமாக ஏற்றி இறக்க வேறு பெரிய வரி மிச்சமில்லை.

திட்ட நிதியை ஒன்றிய அரசு நிறுத்திவைக்க முடியுமா?

நிறுத்திவைத்தே காட்டியிருக்கிறது. சமக்ர சிக்‌ஷா பள்ளிக்கல்வித் திட்டத்தில் 60 சதவீதம் ஒன்றியம், 40 சதவீதம் மாநிலம். 2024-25-ல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் வரவில்லை. பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடுங்கள், அதன் வழியாகத் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பது நிபந்தனை. மும்மொழி விஷயத்தில் தமிழ்நாடு இறங்கி வராது என்பது ஊரறிந்தது. 2025 மே மாதம் மாநில அரசு 131-வது பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. கேரளா 2025 அக்டோபரில் கையெழுத்துப் போட்டது; கூட்டணிக்குள் எதிர்ப்புக் கிளம்பியதும் நிறுத்திவைத்தது.

இங்கே ஏழாவது அட்டவணையில் ஒரு வரிகூட மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். கொள்கையைத் திணிக்கச் சட்டம் தேவைப்படவில்லை, காசோலையைத் தாமதப்படுத்தினால் போதும். ஆசிரியர் சம்பளத்துக்கு மாநிலம் வேறு எங்கிருந்தாவது பணம் புரட்ட வேண்டும்.

கடன் வாங்கிச் சமாளிக்கலாமே?

அதற்கும் அனுமதி வேண்டும். ஒன்றிய அரசுக்கு ஒரு மாநிலம் கடன் பாக்கி வைத்திருந்தால் அதன் சம்மதமின்றி வேறு கடன் வாங்க முடியாது என்கிறது 293-வது பிரிவு. பாக்கி இல்லாத மாநிலம் என்று சொல்ல ஒன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்தக் கடன் கட்டுப்பாட்டை எதிர்த்துக் கேரளா தொடுத்த வழக்கு 2024 ஏப்ரலில் அரசியலமைப்பு அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

மாநிலங்கள் எப்போதாவது ஜெயித்திருக்கின்றனவா?

ஜெயித்திருக்கின்றன, அதுவும் பெரிதாக. 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு, கனிமங்களுக்கான ராயல்டி வரி ஆகாது, கனிம நிலத்துக்கு வரி போட மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்று 8-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. 1989-ல் தமிழ்நாட்டின் வரியை ரத்து செய்த இந்தியா சிமெண்ட்ஸ் தீர்ப்பு தவறு என்றும் சொன்னது. 2005 ஏப்ரல் 1 முதலான நிலுவையை 12 ஆண்டுத் தவணையில் வசூலிக்கலாம். அதே ஆண்டு அக்டோபரில் தொழிற்சாலை ஆல்கஹால் மீதான அதிகாரமும் மாநிலங்களுக்கே என்று இன்னொரு ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொன்னது. கட்சி பேதமின்றி எல்லா மாநிலக் கருவூலத்துக்கும் பலன் தரும் தீர்ப்புகள் இவை. தொலைக்காட்சி விவாதங்களில் ஏனோ அவ்வளவாக அடிபடவில்லை.

இத்தனை கமிஷன்கள் போட்டு என்ன ஆனது?

ஒன்றிய-மாநில உறவை ஆராயத் தமிழ்நாடு 1969-ல் ராஜமன்னார் குழுவை அமைத்தது. 1971-ல் அறிக்கை வந்தது. 1974 ஏப்ரலில் மாநில சுயாட்சித் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஒன்றிய அரசு தன் பங்குக்கு 1983-ல் சர்க்காரியா கமிஷனையும் 2007-ல் பூஞ்சி கமிஷனையும் போட்டது. 2025-ல் தமிழ்நாடு மறுபடி நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் குழு அமைத்தது. சர்க்காரியா பரிந்துரையை ஒட்டி 1990-ல் மாநிலங்களுக்கு இடையிலான கவுன்சில் உருவானது. அதன் 11-வது கூட்டம் 2016 ஜூலையில் நடந்தது. அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் கூடவே இல்லை. கைக்குக் கிடைத்த ஒன்றைச் சொல்வதானால், சுதந்திர தினத்தன்று கோட்டையில் கொடியேற்றுவது ஆளுநரிடமிருந்து முதலமைச்சருக்கு மாறியது. கருணாநிதி கேட்டு வாங்கியது அது. 1974-லிருந்து எல்லா முதலமைச்சர்களும் ஏற்றுகிறார்கள்.

ஒரு மாநிலத்தைக் கேட்காமலே அதைப் பிரிக்க முடியுமா?

கேட்க வேண்டும், ஆனால் பதிலை ஏற்க வேண்டியதில்லை. மூன்றாவது பிரிவு அப்படி. 2014-ல் ஆந்திரச் சட்டமன்றம் வேண்டாம் என்ற பிறகும் தெலங்கானா பிறந்தது.

மாநில அரசுகள் மட்டும் அதிகாரத்தைக் கீழே பகிர்கின்றனவா?

இந்தக் கேள்வியைத்தான் மாநில சுயாட்சி பேசுகிறவர்கள், என்னையும் சேர்த்து, சீக்கிரம் கடந்துவிடுகிறோம். 73, 74-வது திருத்தங்கள் ஊராட்சிகளுக்கு 29 துறைகளையும் நகராட்சிகளுக்கு 18 துறைகளையும் அடையாளம் காட்டின. கொடுப்பதும் கொடுக்காததும் மாநிலத்தின் விருப்பம். பதவிக்காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தல் நடக்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் கட்டளை. தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சி மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இடையில் ஐந்தாண்டுக்கு மேல் தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் செய்தார்கள். டெல்லி நம் சட்டமன்றத்தை ஐந்தாண்டு மூடிவைத்திருந்தால் சும்மா இருந்திருப்போமா?

தேர்தல் நடந்த பிறகும் பாருங்கள். சென்னை மேயரிடம் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று போனால் அது குடிநீர் வாரியத்தின் வேலை. பஸ் வரவில்லை என்றால் மாநகரப் போக்குவரத்துக் கழகம். நகரம் எந்தப் பக்கம் வளர வேண்டும் என்று திட்டம் போடுவது சிஎம்டிஏ எனும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். மூன்றுமே மாநில அரசின் கையில் இருப்பவை.